ஓர் உவமை, ஏழு பாட்டு

சேந்தமங்கலம், இராசிபுரம் பக்கத்துச் சமவெளியில் நின்று கிழக்கே பார்ப்பவர்களுக்குக் கொல்லிமலையின் மேற்குச் சரிவுதான் கண்ணில் படும். சங்கப் புலவர்கள் அதைக் குடவரை என்றார்கள். அங்கே ஒரு பெண்ணுருவம் இருப்பதாகப் பாடினார்கள். தெய்வம் எழுதியது என்று சில பாட்டுகள் சொல்கின்றன. பூதம் செய்தது என்று ஒரு பாட்டு சொல்கிறது. கொல்லிப் பாவை என்று பின்வந்தோர் அறிந்தது அதைத்தான். குறுந்தொகையில் 89, 100, நற்றிணையில் 185, 192, 201, அகநானூற்றில் 62, 209 ஆகிய ஏழு பாட்டுகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஏழிலும் ஒரு பெண்ணுக்கு அந்தப் பாவை உவமையாகிறது. ஆனால் ஏழு பாட்டும் ஒரே செய்தியைச் சொல்லவில்லை. உவமை என்ற இலக்கணச் சொல்லுக்கு முழுப் பொருள் என்ன என்பதை இந்த ஏழையும் அருகருகே வைத்துப் படித்தால் கண்டுகொள்ளலாம் என்பது என் எண்ணம்.

உவமை, உருவகம், தற்குறிப்பேற்றம், வேற்றுமை, பிறிதுமொழிதல், வஞ்சப்புகழ்ச்சி ஆகியவற்றை நாம் பள்ளியில் விளக்கம், எடுத்துக்காட்டு, அணிப்பொருத்தம் என்ற வரிசையில் படித்தோம். உவமானம் எது, உவமேயம் எது, உவம உருபு எது என்று பிரித்து எழுதினால் மதிப்பெண் உண்டு. ‘போல’ வெளிப்பட்டால் உவமையணி, மறைந்தால் எடுத்துக்காட்டு உவமையணி. இந்தப் பயிற்சி வேண்டியதுதான். ஆனால் பெயரைக் கண்டுபிடித்ததோடு வேலை முடிந்தது என்ற எண்ணத்தையும் அது மாணவர் மனத்தில் விதைத்துவிடுகிறது. தொல்காப்பியம் அங்கே நிற்பதில்லை. அதன் உவமவியல் கேட்கும் கேள்விகள் வேறு.

முதல் கேள்வி, இரு பொருளும் எதில் ஒத்திருக்கின்றன என்பது. வினை, பயன், மெய், உரு என்று நான்கு வழிகளை அந்நூல் காட்டுகிறது. வீரன் புலியாகப் பாய்வது வினை. வள்ளலின் கை மழைபோல் உதவுவது பயன். இடை உடுக்கைபோல் சுருங்கியிருப்பது மெய், அதாவது வடிவு. மேனி பொன்னாக மின்னுவது உரு, அதாவது நிறம். அடுத்த கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது: இந்த ஒப்புமை எந்த உணர்விலிருந்து பிறந்தது? சிறப்பு, நலன், காதல், வலி என்ற நான்கையும் உவமை பிறக்கும் நிலைக்களம் என்று சொல்லி, ஒன்றைத் தாழ்த்திக் காட்டும் கிழக்கிடு பொருளை ஐந்தாவதாகச் சேர்க்கிறது. பேசுபவர் மனத்துக்குள் போகாமல் இதற்கு விடை சொல்ல முடியாது. உருபைத் தேடும் பயிற்சி நம்மை அந்த மனத்துக்குள் அழைத்துப்போவதில்லை.

இனிப் பாட்டுகள். கபிலர் பாடிய குறுந்தொகை 100இல் பேசுபவன் தலைவன். அருவி பாயும் சரிவில் மலைநெல் விதைத்து, காந்தளை வேலியாகக் கொண்ட சிற்றூர் ஒன்றைக் காட்டுகிறான். அங்கே பசி வந்தால் யானைத் தந்தத்தை விற்றுச் சாப்பிடுவார்கள். அப்படிப்பட்ட ஊர் உள்ள, மன்னன் ஓரியின் கொல்லியில் இருக்கும் பாவைபோல் இளமை மென்மை கொண்டவள் அவள். ஆனால் அவள் தோளை அடைவது அரிது என்று முடிக்கிறான். ஒற்றுமை மடம் என்ற பண்பில் இருக்கிறது என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் பாவை வருவதற்கு முன்னால் இத்தனை அடிகளில் மலைநெல்லும் வேலியும் தந்தமும் ஏன் வருகின்றன? அந்த மலையில் தந்தத்துக்கே ஒரு விலை இருக்கிறது. பசி வந்தால் அது கைமாறிவிடும். எந்த விலைக்கும் கைமாறாதது அங்கே ஒன்றே ஒன்றுதான். அந்த ஒன்றுக்குத்தான் தலைவன் அவளை ஒப்பிடுகிறான். இது என் வாசிப்பு. உவமை பாவையில் மட்டும் இல்லை, பாவைக்குப் போகும் வழி முழுவதிலும் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

பரணரின் நற்றிணை 201இல் பேச்சு வேறு திசையில் போகிறது. தோழன் தலைவனைக் கண்டிக்கிறான்: அவள் குறவனின் அருமை மகள், பெறுவதற்கு அரியவள், காவல் மிகுந்தவள், நீ சொல்வதைக் காதில் வாங்கமாட்டாள், அவளை நினைக்காதே. தலைவன் இவை எதையும் மறுக்கவில்லை. காற்று மோதினாலும், மழை கடுமையாகப் பெய்தாலும், இடி இடித்தாலும், நிலமே அதிர்ந்தாலும் தன் அழகுருவம் கெடாத கொல்லிப் பாவைபோல் அவள் என் நெஞ்சை விட்டுப் போகமாட்டேன் என்கிறாள் என்று மட்டும் சொல்கிறான். இங்கே பாவையின் அழகு பின்னுக்குப் போய்விட்டது. ஒற்றுமை அழியாமையில் இருக்கிறது. கூர்ந்து பார்த்தால் உவமேயம்கூட நகர்ந்திருப்பது தெரியும். பாவைக்கு ஒப்பாவது அந்தப் பெண் அல்ல, அவன் நெஞ்சில் தங்கிவிட்ட அவள் உருவம். அவள் காவலில் இருக்கிறாள் என்று தோழன் சொன்னதற்கு, அவள் என்னுள் இருக்கிறாள் என்பது மறுமொழி. உவமையே இங்கே வாதமாக நிற்கிறது. நிலைக்களம் காதலா, வலியா என்று கேட்டால் இரண்டும் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

நற்றிணை 185இன் தலைவன் தோழியிடம் கெஞ்சுகிறான். என் துன்பத்தைக் கண்ணால் கண்டும் நீ உதவவில்லையே என்று தொடங்கி, தெய்வம் எழுதிய அந்தப் பாவைபோல் அவள் என்னைக் கொல்ல நினைத்துவிட்டாள் என்று முடிக்கிறான். இங்கே ஒப்புமை வினையில் இருக்கிறது. பாவை கொல்லும் என்ற நம்பிக்கை அந்தக் காலத்திலேயே இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் கேட்பவளுக்கு இது புரிந்திருக்காது. இந்தப் பாட்டைப் பாடியவரின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை.

நற்றிணை 192 இதற்கு நேர் எதிர். இரவில் மலைவழியே வருபவன் தலைவன். குருதி வேட்கை கொண்ட விலங்கு யானையைத் தேடிப் பதுங்கியிருக்கும் வழி அது. தலைவியின் அச்சத்தைப் போக்க அவன் சொல்லும் மறுமொழியில் பாவை இளவெயிலில் தோன்றுகிறது. அந்தத் தோற்றத்தைப் போன்ற உன் அழகை நினைத்துக்கொண்டு வந்தால் இந்த வழியே எனக்குப் பாதுகாப்பாகிவிடும் என்கிறான். முந்தைய பாட்டில் கொன்ற பாவை இதில் காக்கிறது. தொல்காப்பியர் பயன் என்று சொன்னதை உரைகளில் மழைக்கும் கொடைக்கும் மட்டுமே பார்த்துப் பழகியவர்கள் அதை இங்கே பார்க்கலாம்: ஓர் அழகு ஒருவனுக்கு என்ன செய்கிறது என்பதே இதில் ஒப்புமை.

குறுந்தொகை 89இல் தோழி பேசுகிறாள். உலக்கை பிடித்துக் குற்றும்போது பாவை போன்ற இந்தச் சிறுமகள் பாடிவிட்டாள். அதற்குப்போய் ஊர் பேசுகிறதே என்று சலித்துக்கொள்கிறாள். அருகில் மறைந்து நிற்கும் தலைவனின் காதிலும் இது விழ வேண்டும். அகநானூறு 62இல் தலைவன் தன் நெஞ்சோடு பேசுகிறான். 209இல் பிரிவால் வாடும் தலைவியைத் தோழி தேற்றுகிறாள்: பாவை போன்ற உன் அழகை மறந்து அவர் அங்கே தங்கிவிடமாட்டார்.

ஏழில் ஐந்து தலைவன் கூற்று, இரண்டு தோழி கூற்று. தலைவி ஒன்றிலும் பேசவில்லை. தன்னையே பாவை என்று அவள் சொல்லிக்கொள்ளமாட்டாள் என்பது வெளிப்படை. ஆனால் இதற்குப் பின்னால் ஓர் இலக்கண உணர்வும் இருக்கிறது. யார் எதை உவமையாக்கலாம் என்பதற்குத் தொல்காப்பியம் எல்லை வகுக்கிறது. தலைவி சொன்னால் அவள் அறிந்த பொருளாக இருக்க வேண்டும். தோழி தன் நிலத்தை விட்டு வெளியே போகக் கூடாது. தலைவனின் பேச்சில் அவனுடைய அறிவுரம் தெரிய வேண்டும். உவமையை அதைச் சொல்பவரிடமிருந்து பிரித்துப் பார்க்கக் கூடாது என்ற இந்தக் கருத்து உலக இலக்கியக் கோட்பாட்டில் பெரிய இடம் பெற வேண்டியது. அரிஸ்டாட்டில் தன் பேச்சுக்கலை நூலின் மூன்றாம் பகுதியில் உவமையையும் உருவகத்தையும் ஒப்பிடுகிறார். அக்கிலீஸ் சிங்கம்போலப் பாய்ந்தான் என்றால் உவமை, சிங்கம் பாய்ந்தது என்றால் உருவகம். இரண்டுக்கும் வேறுபாடு சிறிதே என்பது அவர் முடிவு. அந்த இடத்தில் அவர் பார்ப்பது சொல்லின் அமைப்பை. தொல்காப்பியர் அதோடு சொல்பவரையும் பார்க்கிறார்.

ஏழு பாட்டிலும் பாவை வெளிப்படையான உவமையாகவே வருகிறது, ஒன்றிலும் உள்ளுறையாக வரவில்லை. இதையும் விளக்க வேண்டும். தொல்காப்பியம் உள்ளுறை உவமம், ஏனை உவமம் என்று இரண்டாகப் பிரிக்கிறது. ஏனை உவமம் நாம் வழக்கமாக உவமை என்று சொல்வது. உள்ளுறையில் உவமானத்தை மட்டும் சொல்லி நிறுத்திவிடுவார்கள். மருதத்தில் எருமை தாமரையை மிதித்துச் சேற்றைக் கலக்குகிறது என்று தோழி சொன்னால், பரத்தையை நாடிப் போன தலைவனுக்கு அது தன்னைப் பற்றியது என்று தெரியும். அந்நிலத்துக் கருப்பொருள்களே இதற்கு இடம். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்ற கருப்பொருள் வரிசையில் தெய்வம் முதலில் நிற்கிறது. ஆனால் உள்ளுறைக்கு வரும்போது தெய்வத்தை மட்டும் விலக்கி மற்றவற்றையே கொள்ள வேண்டும் என்கிறது அகத்திணையியல். பாவை தெய்வத்தோடு பிணைந்த உருவம். அதனால்தான் அதை மறைபொருளாக வைக்க யாரும் முயலவில்லை என்று நினைக்கிறேன். விலக்குக்கான காரணத்தைத் தொல்காப்பியர் சொல்லவில்லை. என் ஊகம் இது: உள்ளுறை பெரும்பாலும் குற்றத்தை நேரே சொல்லாமல் குத்திக்காட்டும் கருவி, குற்றவாளியின் இடத்தில் எருமையை வைக்கலாம், தெய்வத்தை வைக்க முடியாது.

தெய்வத்துக்கு மறுக்கப்பட்டது பலாவுக்குக் கிடைக்கிறது. இந்த ஏழு பாட்டுகளில் பல, கொல்லியைப் பலா விளையும் மலை என்றே அடையாளம் சொல்கின்றன; கொல்லிமலைப் பலா இன்றும் கீழே சந்தைக்கு இறங்கி வருகிறது. கொல்லியைப் பெயர் சொல்லாவிட்டாலும் மலைப் பலாவை வைத்துக் கபிலர் செய்த குறுந்தொகை 18இல் இரு வகை உவமத்தையும் சேர்த்துப் பார்க்கலாம். உன் நாட்டுப் பலா வேரில் காய்க்கும், அதற்கு மூங்கில் வேலியும் உண்டு என்று தோழி தலைவனிடம் சொல்கிறாள். எங்கள் மலையிலோ சிறு கொம்பில் பெரும்பழம் தொங்குகிறது. அதுபோல இவள் உயிர் சிறிது, காமம் பெரிது என்று தொடர்கிறாள். இரண்டாம் பகுதி ஏனை உவமம். முதல் பகுதி உள்ளுறை: கைக்கு எட்டும் உயரத்தில், காவலோடு இருக்கும் பழம் உன்னுடையது, ஆகவே உனக்கு அவசரம் இல்லை. திருமணம் செய்துகொள் என்ற வேண்டுகோள் வாயால் சொல்லப்படவே இல்லை.

உவமைக்குள் வரலாறும் பதுங்கியிருக்கிறது. குறுந்தொகை 100இல் கொல்லி ஓரிக்கு உரியது. குறுந்தொகை 89இலும் அகநானூறு 62இலும் அதே மலை சேரனாகிய பொறையனுக்கு உரியது. இடையில் நடந்ததைக் கல்லாடனார் பாடிய அகநானூறு 209 சொல்கிறது: முள்ளூர் மன்னன் காரி, ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரருக்குக் கொடுத்தான். ஒரு காதல் பாட்டில், ஒரு பெண்ணின் அழகுக்கு உவமை சொல்லும் இடத்தில், பாவைக்கு அடைமொழியாக ஒரு போர் வருகிறது. இந்தப் பாட்டுகளின் காலவரிசையை இதைக்கொண்டு முடிவு செய்துவிட முடியாது. ஆனால் அடைகளை அணிநலன் பாராட்டும்போது தாண்டிப் போகிறோமே, அங்கேதான் கொங்கு நாட்டின் பழைய அரசியல் எழுதப்பட்டிருக்கிறது. மலை கைமாறியது, பாவை கைமாறவில்லை. அடையில் உள்ள அரசன் பெயர் மாற, உவமை அப்படியே நிற்கிறது.

ஓரியைப் பற்றிய புறப்பாட்டுகள் வேறு சில அணிகளுக்கு நல்ல சான்று. வன்பரணரின் புறநானூறு 152இல் ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியை, மானை, பன்றியைத் துளைத்து, புற்றில் இருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. உயர்வு நவிற்சி என்று எழுதி முடிக்கலாம். தண்டியலங்காரம் இதை அதிசயம் என்னும். ஆனால் பாட்டைப் படித்தால் ஒவ்வொரு விலங்குக்கும் கண்ணால் கண்டவர் மட்டுமே சொல்லக்கூடிய அடையாளம் இருக்கிறது: புலியின் பிளந்த வாய், மானின் கொம்பு, பன்றியின் உரல் போன்ற தலை. உள்ளதை உள்ளவாறு சொல்லும் தன்மையணியைத் தண்டியலங்காரம் பொருளணிகளில் முதலில் வைக்கிறது. அந்தத் தன்மை இங்கே அதிசயத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. இந்த வேட்டுவன் ஓரிதானோ என்று புலவர் ஐயுற்றுப் பாட, தன் பெயரைக் கேட்டதும் அவன் நாணுகிறான். அம்பின் கதையை நம்ப வைப்பது அந்த நாணம்.

பழைய சேலம் மாவட்டத்தில் 1965 வரை சேர்ந்திருந்த தருமபுரிதான் அதியமானின் தகடூர். அவனுக்காகத் தொண்டைமானிடம் போன ஔவையார் பாடிய புறநானூறு 95ஐ வஞ்சப்புகழ்ச்சிக்கு எடுத்துக்காட்டாக எல்லோரும் அறிவோம். உன் ஆயுதங்கள் மாலையும் மயிற்பீலியும் அணிந்து நெய் பூசி மின்னுகின்றன. எங்கள் தலைவனின் ஆயுதங்களோ நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன. தண்டியலங்காரம் புகழ்வதுபோலப் பழிப்பதை இலேசம் என்ற அணிக்குள் வைக்கிறது. பெயர் எதுவாக இருந்தாலும், பழிப்பு ஒரு சொல்லில்கூட இல்லை என்பதையும், போரைத் தடுக்க ஒரு தூதர் எதிரி அரசனின் முன்னே நின்று பேசியது இது என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த அணியின் துணிவு தெரியும்.

தண்டியலங்காரம் வடமொழித் தண்டியின் காவியாதரிசத்தைப் பின்பற்றி ஏறக்குறைய 12ஆம் நூற்றாண்டில் எழுந்தது. 35 பொருளணிகளை அது வகுக்கிறது. உவமையை மட்டும் 24 வகையாக விரிக்கிறது. தொல்காப்பியரின் நான்கு அடிப்படைகள் அதில் பண்பு, தொழில், பயன் என மூன்றாகின்றன. மெய்யும் உருவும் பண்பில் அடங்கிவிடுகின்றன. ஐய உவமை, விபரீத உவமை, மாலை உவமை என்று அது தரும் பெயர்கள் நுட்பமானவை. கம்பனைப் படிப்பவர்களுக்கு அவை பெரிதும் உதவும். எனினும் ஒன்று தேய்ந்துபோனது. பேசுபவர் யார், கேட்பவர் யார், எந்த நிலத்தில், எந்த உணர்வில் என்ற கேள்விகள் அணியின் இலக்கணத்திலிருந்து விலகிவிட்டன. உவமவியலுக்கு உரை எழுதிய பேராசிரியர், அணிகளைத் தனி இலக்கணமாக விரிப்பவர்களோடு வாதிட்டதை இந்த இழப்பை உணர்ந்தவரின் குரலாகவே நான் கேட்கிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த இழப்பு முழுமையாக இருந்தது. புலவர்கள் அணி இலக்கணத்தைக் கற்றார்கள், அந்தாதியும் கலம்பகமும் கோவையும் கற்றார்கள். தொல்காப்பியரின் உவமவியல் எந்தப் பாட்டுகளை மனத்தில் வைத்துப் பேசியதோ, அவை ஓலைச்சுவடியில் கிடந்தன. 1880இல் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார், உ.வே. சாமிநாதையரிடம் என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டதும், அவர் அடுக்கிய நூல்களைக் கேட்டு வியக்காமல் சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டதும் தமிழ் வரலாற்றில் ஒரு திருப்பம். சாமிநாதையரின் பதிப்பாக 1887இல் சீவக சிந்தாமணி வந்தது, 1894இல் புறநானூறு, 1937இல் குறுந்தொகை. ஓரியின் அம்பையும் கபிலர் காட்டிய குடவரையையும் தெளிவான பதிப்பில் நாம் படிப்பதற்கு, சேலத்துக்காரர் ஒருவர் கேட்ட கேள்விக்கும் பங்கு உண்டு.

பாவை என்ற சொல் பின்னாளில் ‘போல’ இல்லாமலே பெண்ணைக் குறித்தது. பாவை வந்தாள் என்றால் உவமையாகுபெயர். அந்த வழக்கு கொல்லியில் பிறந்தது என்று சொல்ல முடியாது. பொம்மைக்கும் கண்மணிக்கும்கூட அதே பெயர் உண்டு. ஆனால் ஓர் உவமை பலர் வாயில் புழங்கிப் புழங்கிப் பெயராகவே உறைந்துவிடுவதை இது காட்டுகிறது. உறைந்தபின் பொதுத்தன்மை எது என்று யாரும் கேட்பதில்லை. அழகா, கொலையா, அழியாமையா என்று ஏழு பாட்டில் மாறிக்கொண்டிருந்தது, வெறும் ‘பெண்’ ஆகிவிட்டது.

அணிப்பெயர் ஒன்று படிப்பை எப்படிக் கூர்மையாக்கும் என்பதற்கு இதே சமவெளியிலிருந்து பிற்காலச் சான்று ஒன்று உண்டு. காவிரிக் கரையில் மோகனூரில் 1888இல் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை, 1930இன் வேதாரணிய உப்புச் சத்தியாகிரகத்துக்காக ஒரு நடைப்பாட்டு எழுதினார். ஆயுதம் எடுக்காத போருக்கு வரச்சொல்லி அழைக்கும் பாட்டு அது. சேலத்தில் வழக்கறிஞராக இருந்து, நகரசபைத் தலைவராகவும் பணியாற்றிய இராஜாஜியின் தலைமையில் தொண்டர்கள் அந்த ஆண்டு ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து புறப்பட்டார்கள். போர் என்ற காரியத்துக்கு உலகம் அறிந்த காரணம் ஆயுதம். அந்தக் காரணத்தை நீக்கிவிட்டுக் காரியத்தைச் சொல்வதைத் தண்டியலங்காரம் விபாவனை என்னும்; நீக்கிய காரணத்தின் இடத்தில் வேறொரு காரணமோ இயல்போ குறிப்பால் தோன்ற வேண்டும் என்பது அதன் இலக்கணம். இந்தப் பெயர் தெரியாமல் படித்தால் முரண்சுவை என்று சொல்லி நகர்ந்துவிடுவோம். தெரிந்து படித்தால், வேறு காரணம் எங்கே என்று தேடுவோம். கவிஞர் அதை மறைக்கவில்லை. சத்தியம் என்று பாட்டிலேயே சொல்லிவிடுகிறார். தொண்டர்களுக்குச் சோறும் இடமும் கொடுப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று தஞ்சைக் கலெக்டர் தார்ன் எச்சரித்திருந்தார். வழியோர மக்கள் அதை மீறித்தான் உதவினார்கள். அடிபட்டவர்கள் திருப்பி அடிக்கவில்லை. ஏட்டில் விபாவனையாக இருந்தது வேதாரணியம் போகும் சாலையில் தன்மையணியாயிற்று.